குறுணல் எங்கே பிறக்கிறது: பரந்தன் அரிசி ஆலையின் நாட்குறிப்பு

பெப்ரவரி 12
காலபோக நெல் வந்து குவிகிறது. குறுணல், அதாவது உடைந்த அரிசி, கூடிவிட்டது, மெருகு மெசினை மாற்றினால்தான் சரிவரும் என்பது ஆலையின் பேச்சு. மாற்றமுன்னம் ஓட்டப்படம் ஒன்று வேண்டும். ஒரு அவியல் நெல், அதாவது ஒருமுறை சேர்த்து அவிக்கும் நெல், தராசில் ஏறியது முதல் அரிசி மூடையின் வாய் தைக்கும்வரை, ஒவ்வொரு இடத்திலும் வேலை நேரம் எவ்வளவு, சும்மா கிடந்த நேரம் எவ்வளவு. இதை மேசையில் இருந்து கீற முடியாது. மணிக்கூடும் கொப்பியுமாக நெல்லுக்குப் பின்னால் நடக்கவேணும்.

பெப்ரவரி 15
படம் முடிந்தது. ஊறல் தொட்டியில் இரண்டு நாள், ஆவியில் அரை மணித்தியாலம், சீமெந்துத் தளத்தில் இரண்டு நாள். எல்லாரும் திட்டும் மெசினுக்குள் நெல் இருப்பது சில நிமிடங்கள்.

பெப்ரவரி 16
மாதிரி மூன்று இடத்தில்: காய்ந்த நெல்லைக் கையால் உரித்து 100 மணி, உமி நீக்கியபின் 100, மெருகுக்குப் பின் 100. கண்ணாடித் தட்டில் பரப்பி, கீழிருந்து ரோர்ச் அடித்தால் புழுங்கல் மணியின் வெடிப்பு குறுக்குக் கோடாகத் தெரியும். கையால் உரித்ததிலேயே 14 மணி வெடித்திருந்தது. மெசினைக் காணமுன்னமே!

பிறகு ஐந்து 'ஏன்': வேர்க் காரணம் தெரியும்வரை ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்பது. ஏன் உடைகிறது? முதலே வெடித்திருக்கிறது. ஏன் வெடித்தது? தளத்தில் ஒரே மூச்சில் காய்ந்தது. ஏன்? மத்தியான வெயிலில் கிளறவில்லை. ஏன்? கிளறுகிற ஆட்கள் நெல் இறக்கப் போய்விட்டார்கள். ஏன்? உழவு இயந்திரப் பெட்டிகள் எல்லாம் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில்தான் வருகின்றன. யாருக்கும் நேரம் குறித்துக் கொடுக்கவில்லை. குறுணலின் வேர் படலையடியில் கிடக்கிறது.

பெப்ரவரி 18
நெல் இறக்குவது இனிக் காலை 9க்கு முன், அல்லது பின்னேரம் 4க்குப் பின். தளத்தில் 2 முதல் 3 சென்ரிமீற்றர் தடிப்பு, அரை மணிக்கொரு கிளறல். ஈரப்பதன் 18 வீதத்துக்கு வந்ததும் குவித்துப் படங்கால் மூடி, சில மணித்தியாலம் ஆறவிட்டு, அதன்பின் 14 வீதம்வரை மெல்லிய வெயிலில். மணியின் வெளிப்புறம் காய்ந்து சுருங்க, நடு ஈரமாகவே நிற்கும். 16க்குக் கீழே அவசரப்பட்டால் இந்த இழுபறியில்தான் மணி வெடிக்கிறது. ஆறவிடும்போது நடுவின் ஈரம் வெளியே பரவும்.

தளத்தில் அள்ளிய சூட்டோடு நெல்லை ஈரமானியில் போடக்கூடாது. கணக்குப் பிழைக்கும். மாதிரியை மூடிய போத்தலில் ஆறவிட்டுப் பார்க்கவும்.

பெப்ரவரி 21
ஐந்து எஸ், அதாவது வேலையிடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் வைத்து ஒழுங்காக்கும் ஜப்பானிய முறை, ஒரு மூலையில் மட்டும். ஸ்பனர்களின் வடிவத்தைச் சுவர்ப் பலகையில் கீறித் தொங்கவிட்டாயிற்று. உமி நீக்கும் மெசினின் ரப்பர் உருளை இரண்டில் வேகமாகச் சுற்றுவது முதலில் தேயும்; இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் சமமாகத் தேயும். மாற்றாமல் விட்டதற்குக் காரணம் சோம்பல் அல்ல, ஸ்பனரைத் தேடுவது. சுவரில் சுலோகம் ஒட்டுவதை ஐந்து எஸ் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பெப்ரவரி 26
மூன்று அவியல் எண்ணியாயிற்று: கையால் உரித்ததில் வெடிப்பு 7, 6, 11. மூன்றாவதில் படங்கு போதாமல் ஓரக் குவியல் இரவுப் பனியில் நனைந்து, விடிய வெயிலில் திரும்பக் காய்ந்தது. காய்ந்த மணி ஈரம் குடித்தாலும் வெடிக்கும். இன்னொரு படங்கு வாங்கவேணும். நெல்லைச் சுடுநீரில் ஊறவைப்பதையும் இப்போதே தொடங்கலாம் என்ற யோசனை தள்ளிவைக்கப்பட்டது. காயவைப்பதையும் ஊறலையும் ஒன்றாக மாற்றினால் வெடிப்பு எதனால் குறைந்தது என்று தெரியாமல் போகும்.