பெல்ட்டின் கடைசி இடம்

குப்பை பிரிக்கும் ரோபோவை பெல்ட்டின் வால் பக்கம்தான் நிறுத்த வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். எங்கள் கம்பெனி ரோபோ கொடுத்த ஓர் ஆலையிலும் அங்கேதான் நிறுத்தினோம், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே பெல்ட்டில் நின்று குப்பை பிரிக்கும் பெரியக்கா வந்து கேட்டதும், அதற்கு நான் சொன்னதும் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"இத முன்னாடி வெக்க மாட்டீங்களா தம்பி?"

"முன்னாடி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு குமிஞ்சு வரும்க்கா. கேமராவுக்கு ஒண்ணும் தெரியாது. ஈரத்துல கப்பும் புடிக்காது."

"அழுக்கு அதுக்கு ஆவாதா?"

"ஆவாது."

"அப்ப இங்க நிக்கிறவங்க?"

"அத மேனேஜர்கிட்டதான் கேக்கணும்க்கா."

"சரி தம்பி" என்று போய்விட்டார். சண்டை இல்லை, குரல்கூட உயரவில்லை. அதோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு.

நான் சொன்ன எதுவும் பொய் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் என்றால் மூட்டையை அறுத்துக் கொட்டி, டிராமல் என்ற சுழலும் சல்லடையில் மண்ணும் தூசியும் உதிர்ந்தபின் பெல்ட்டில் ஏறும் இடம். பெயர்தான் உலர் குப்பை. டயபர் வரும், சோற்றோடு கட்டிப்போட்ட கவர் வரும், உடைந்த டியூப்லைட், இன்சுலின் ஊசி, ஒற்றைச் செருப்பு, பழைய நைட்டி எல்லாம் வரும். சானிட்டரி நாப்கினைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மாவிடம் அதை நான் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் ஒரே பையில் போய்விடும். ஊர் முழுக்க அப்படித்தான்.

ரோபோவுக்குப் பொருள் தனித்தனியாக, ஒன்றை ஒன்று மறைக்காமல் வர வேண்டும். கேமரா மேலிருந்து பார்க்கும், இது இன்னது என்று முடிவு செய்யும், கை இறங்கி, காற்றை உறிஞ்சும் சக்ஷன் கப்பால் கவ்வித் தூக்கிப் பெட்டியில் போடும். நிமிடத்துக்கு 60, 70 தடவை எடுக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். பழகிய மனிதக் கை 30, 40 எடுக்கும். அந்த வேகமெல்லாம் சுத்தமாக விரிந்து வரும் பெல்ட்டில்தான். கசங்கிய பால் கவர் வந்தாலே கப்பில் காற்று ஒழுகிப் பொருள் பாதியில் விழுந்துவிடும். அதை டயபரின் மேல் இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஆலைகளில் முதல் பிரிப்பு இன்னும் கையால்தான் நடக்கிறது. பின்லாந்தில் 2007இல் தொடங்கிய ஜென்ரோபாட்டிக்ஸ் என்ற குப்பை ரோபோ கம்பெனி முதலில் கையில் எடுத்ததும் கட்டட இடிபாட்டைத்தான். கல்லும் மரமும் இரும்பும் கனம், ஆனால் ஒழுகாது.

ஆகவே ரோபோ கடைசியில். அங்கே வருவது தண்ணீர் பாட்டில், ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன். பணமும் அங்கேதான் இருக்கிறது. பெட் என்பது தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்; அந்தப் பாட்டில்களை அழுத்திக் கட்டிய பேலில் வேறு பிளாஸ்டிக் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு விலை ஏறும். முதலாளி போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்கிற கணக்கு அந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது. முன்பக்கம் எடுக்கும் செருப்புக்கும் டயபருக்கும் யார் காசு கொடுப்பார்கள்?

இவ்வளவும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது, அந்தக் கடைசி இடத்துக்கு அந்தப் பெண்களிடையே இருந்த வழக்கம். பெல்ட்டில் நிற்பவர்களுக்குள் யாருக்காவது இடுப்பு பிடித்துக்கொண்டால், காய்ச்சலிலிருந்து எழுந்து வந்திருந்தால், வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்தால் அவரைக் கடைசிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே நாற்றம் குறைவு, குனிய வேண்டியதில்லை, கவிழ்த்துப் போட்ட ஒரு பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்துகொண்டே எடுக்கலாம். இன்று யார் அங்கே என்பதைக் காலையில் பெரியக்கா சொல்வார். மேனேஜருக்கே இது தெரியுமா என்பது சந்தேகம்தான். என் வரைபடத்தில் அந்த இடம் "ஸ்டேஷன் 6, ஆள் 2" என்று மட்டும் இருந்தது. பெயிண்ட் டப்பாவை அளவெடுக்கும்போது பார்த்தேன். ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு அளந்தேன்.

இதெல்லாம் பின்னால் டீக்கடையில் இன்னொரு பெண் சொல்லித்தான் தெரிந்தது. அதன்பிறகு பெரியக்காவின் கேள்வியை வேறு மாதிரிக் கேட்கிறேன். அவர் மெஷினின் திறமையைப் பற்றிக் கேட்கவே இல்லை. கடைசி இடத்தை விட்டுவிடு என்றுதான் கேட்டிருக்கிறார். நான் என்னவோ சக்ஷன் கப்பைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். அப்படித்தான் இருக்குமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. நாறும் இடத்தில் மெஷினை வைத்தால் எல்லாருக்கும் நல்லதுதானே என்று சாதாரணமாகக்கூடக் கேட்டிருக்கலாம். நானாகத்தான் ஏதேதோ ஏற்றிப் பார்க்கிறேனோ என்னவோ.

"மேனேஜர்கிட்டதான் கேக்கணும்" என்றதைத்தான் அதிகம் போட்டுப் புரட்டுகிறேன். ஒப்பந்தப்படி அது சரியான பதில். மெஷினை நிறுத்துவது, ஓட்டிக் காட்டுவது, பழக்கிவிடுவது எங்கள் வேலை. ஆளை எங்கே போடுவது என்பது அவர்கள் வேலை. வெளியிலிருந்து வந்த ஒருவன் அதில் தலையிட்டால் மேனேஜர் சும்மா இருப்பாரா? ஆனால் பெரியக்கா மேனேஜரிடம் போய்க் கேட்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். சரி, வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? இங்கேதான் ஒவ்வொரு தடவையும் முட்டி நிற்கிறேன்.

இதில் இன்னொன்றும் சேர்கிறது. அந்த மெஷினுக்குக் கண் திறந்துவிட்டதில் பெரியக்காவுக்கும் பங்கு உண்டு. பெல்ட்டில் எடுத்த படங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் போட்டுக் கொடுத்தால்தான் அது கற்றுக்கொள்ளும். வழக்கமானவற்றை நாங்களே போட்டுவிட்டோம். சந்தேகமான பாட்டில்களுக்கு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "படத்துல பாத்து எப்படி தம்பி சொல்றது, கையில குடுங்க" என்றார். எடுத்து வந்து கொடுத்தேன். உறையைக் கழற்றிவிட்டுப் பாட்டிலின் அடியில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். நடுவில் புள்ளி மாதிரி தட்டுப்பட்டால் பெட். குறுக்கே கோடு ஓடினால் வேறு ஏதோ. கோடு இருந்து, பாட்டிலும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் ஒரு மடிப்பு மடிப்பார். மடித்த இடம் வெளுத்தால் பிவிசி என்ற வேறு வகை பிளாஸ்டிக், தனியாகப் போய்விடும். "இது ஒண்ணு ரெண்டு உள்ள போனாக்கூட பேலையே திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். சரியாகத்தான் சொன்னார். பெட் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும், அந்தச் சூட்டில் பிவிசி கருகி அமில வாயுவை விடும், மொத்தமும் மஞ்சளடித்துப் போகும். அவர் அந்த வேதியியலைப் படித்ததில்லை, திரும்பி வந்த லாரிகளைப் பார்த்திருக்கிறார்.

எங்கள் கேமராவுக்குப் பாட்டிலின் அடி தெரியாது. என்.ஐ.ஆர். என்கிற அகச்சிவப்பு ஒளி சென்சர் இருந்தால் பிளாஸ்டிக்கின் வகையை ஒளியை வைத்தே படித்துவிடும், ஆனால் விலை எங்கோ போய்விடும். அதற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தெரியாது, அதில் கலந்த கரித்தூள் ஒளியை விழுங்கிவிடும். எனவே அவர் விரலால் கண்டுபிடித்ததை, லேபிளின் நிறம், மூடியின் வடிவம், தோளின் வளைவு என்று வேறு அடையாளங்களோடு இணைத்து மெஷினுக்குப் புகட்டினோம். பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. அன்று அவருக்கு டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தேன். இதை எழுதும்போது எப்படியோ இருக்கிறது, வாங்கும்போது இயல்பாகத்தான் இருந்தது.

மெஷின் ஓடத் தொடங்கியதும் கடைசியில் நின்ற இருவரையும் முன்னால் போட்டார்கள். யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை. திறப்பு விழாவுக்கு நான் தயாரித்த ஸ்லைடில் "ஆள் குறைப்பு இல்லை" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அது உண்மை. அந்த இருவரில் இடுப்பு வலிக்காரர் சில மாதங்களில் நின்றுவிட்டார். அதற்கு மெஷின்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார் என்றும் சொன்னார்கள். எது முந்தியது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிப்பது என் வேலையா என்றும் இருந்தது, என்ன சொல்வார்களோ என்றும் இருந்தது.

அந்த ஸ்லைடின் முதல் வரி "மனிதர்களைக் குப்பையிலிருந்து விடுவிப்போம்". எல்லாக் கம்பெனிகளும் இதையே வேறு வேறு சொற்களில் போடுகின்றன. மெஷின் நிஜமாகவே நாறும் இடத்துக்குப் போன கதையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2018இல் திருவனந்தபுரத்தில் சாக்கடைக் குழிக்குள் இறக்கிய பாண்டிகூட் என்ற ரோபோ. கேரளத்து ஜென்ரோபாட்டிக்ஸ் பையன்கள் செய்தது, மேலே சொன்ன பின்லாந்துக்காரர்கள் வேறு. அது சுலபமான இடமா? மனிதன் இறங்கினால் விஷவாயுவில் சாகும் இடம். ஆனால் அங்கே மெஷினை இறக்கச் சொல்லித் தள்ள ஆட்கள் இருந்தார்கள். அத்தனை சாவுகள் இருந்தன, மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது. பெல்ட்டின் முன்பக்கம் யாரும் அப்படிச் சாவதில்லை. ஊசி குத்தும், தோல் அரிக்கும், வீட்டுக்குப் போனாலும் சோறு இறங்காது. அதற்குச் சட்டம் போடச் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள்? இங்கே மெஷினின் இடத்தை முடிவு செய்தது பேல் விலை. அதில் எனக்குத் தனியாகக் குற்ற உணர்ச்சி வர வேண்டியதில்லை என்று நண்பன் சொல்கிறான். முன்பக்கத்தை மெஷினே பார்க்கும்படி செய்துவிட்டால் இத்தனை பெண்களும் எங்கே போவார்கள் என்றும் கேட்கிறான். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இப்போது இன்னோர் ஊரில் இதே மாதிரி ஆலை வருகிறது. ரோபோ அதே வால் பக்கம்தான், அதை மாற்றும் எண்ணம் இல்லை. ஆனால் இந்தத் தடவை வரைபடத்தில் அட்டை பிரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் "உட்கார்ந்து பிரிக்கும் இடம், 2" என்று ஒரு பெட்டி போட்டு, நாற்காலிக்கும் சின்னக் கிளை பெல்ட்டுக்கும் தொகை சேர்த்து அனுப்பினேன். எங்கள் ஆபீஸில் யாரும் கவனிக்கவில்லை. வாங்குகிறவர்கள் கவனித்துவிட்டார்கள். இதனால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோ கூடும் என்று கேட்டு மெயில் வந்திருக்கிறது. ஒரு கிலோவும் கூடாது. களைப்பு குறைந்தால் தவறு குறையும் என்று ஏதாவது எண் தட்டிவிடலாம், ஆதாரம் கேட்டால் மாட்டிக்கொள்வேன். பெட்டியை எடுத்துவிட்டு விலையைக் குறைத்துக் காட்டினால் ஆர்டர் உடனே கிடைக்கும் என்கிறார் எங்கள் சேல்ஸ் மேனேஜர். வெள்ளிக்கிழமைக்குள் பதில் போட வேண்டும்.