வானியற்பௌதிகவியலோடு கணினி விஞ்ஞானம்: மலையகத்திலிருந்து கம்பஸ் போகிறவர்களுக்கு

வானியற்பௌதிகவியல் என்ற பெயரிலேயே ஒரு பட்டம் கிடைக்குமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் புரட்டிக் களைக்க வேண்டாம். இலங்கையில் அதற்குப் பௌதிகவியல் வழியாகத்தான் போக வேண்டும். உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் எடுத்தவர்களுக்குப் பக்கத்திலிருக்கும் வாசல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம். பௌதிக விஞ்ஞானப் பிரிவில் பௌதிகவியல், கணிதம், கணினி விஞ்ஞானம் மூன்றையும் சேர்த்து எடுப்பதே இந்த வழிக்கு மிகப் பொருத்தமான கூட்டு. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினிப் படிப்பு இருக்கிறது. ஆனால் அங்கிருந்து வானியலுக்குத் திரும்ப நினைத்தால் பௌதிகவியலைத் தனியாகக் கட்டியெழுப்ப வேண்டிவரும்.

விசேட பட்டத்துக்கு எதைத் தெரிவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வானியலில் மேற்படிப்பு நோக்கமென்றால் பௌதிகவியலை எடுங்கள். நிரலாக்கத்தை வேலை செய்துகொண்டே கற்கலாம். குவாண்டம் பொறிமுறை, புள்ளிவிபரப் பொறிமுறை, மின்காந்தவியல் ஆகியவற்றை அப்படித் தனியே இருந்து படித்து முடித்தவர்கள் மிகக் குறைவு. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பெறுபேற்றுத் தாளில் முதலில் தேடப்படுவதும் அவைதான். கணினிப் பக்கம் தரவுக் கட்டமைப்பு, எண்சார் பகுப்பாய்வு, தரவுத்தளம், சமாந்தரக் கணிப்பு என்று பொறுக்கி எடுங்கள். இணையத்தள வடிவமைப்பு, கைபேசிச் செயலி போன்றவற்றை இந்த நோக்கத்துக்காக எடுப்பது வீண். வேலைவாய்ப்புக்காக எடுத்தால் அது வேறு கணக்கு.

நேரக் கணக்கையும் மறைக்காமல் பார்க்கத்தான் வேண்டும். பொதுப் பட்டம் 3 ஆண்டு, 90 கிரெடிட். விசேட பட்டம் 4 ஆண்டு, 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்பது தேசியத் தகைமைச் சட்டகத்தின் அளவு. 3 கிரெடிட் பாடமொன்று 150 மணித்தியாலம் கேட்கிறது. 15 வார செமஸ்டரில் அது வாரத்துக்கு 10. அப்படி ஐந்து பாடம் எடுத்தாலே 50 மணித்தியாலம் போய்விடும். இரு பக்கமும் ஆசைப்பட்டு ஆறாவது, ஏழாவது பாடத்தைச் சேர்க்கும்போது முதலில் அடிபடுவது கணிதம். அது அடிபட்டால் மற்ற இரண்டும் சேர்ந்து சரியும்.

தமிழ் மொழிமூலம் படித்தவர்களுக்கு முதல் செமஸ்டரில் இன்னொரு சுமை உண்டு. உயர்தரம்வரை கூடவே வந்த திணிவு, ஆர்முடுகல், உந்தம் எல்லாம் விரிவுரையில் மாஸ், அக்சலரேஷன், மொமென்டம் என்று வரும். சொல்லை மட்டும் மனனம் செய்யாதீர்கள். பழைய உயர்தரக் கணக்கொன்றை எடுத்து ஆங்கிலத்தில் முழுதாக எழுதித் தீருங்கள். நாளுக்கு ஒன்று போதும், ஒரு மாதத்தில் கை பழகிவிடும். சீனியர்கள் வைக்கும் குப்பிகளுக்கு, அதாவது பாட மீட்டல் வகுப்புகளுக்கு, தவறாமல் போங்கள், ஆனால் பரீட்சைக்கு முந்திய வாரக் குப்பியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கணினிப் பரீட்சையில் நிரலைத் தாளில் கையால் எழுதச் சொல்வார்கள். திரையில் பிழை காட்டியபின் திருத்தியே பழகியவர்கள் அங்கே திணறுவார்கள். வாரத்தில் ஒரு நிரலையாவது தாளில் எழுதி, மாறிகளின் பெறுமானத்தைப் படிப்படியாகப் பக்கத்தில் குறித்துப் பாருங்கள்.

இரண்டு பாடமும் ஒன்றாகும் இடம் எண்சார் கணிப்பு. முதல் பயிற்சியாகச் சூரியனைச் சுற்றும் பூமியை எடுங்கள். தூரத்தை வானியல் அலகிலும், காலத்தை ஆண்டிலும், திணிவைச் சூரியத் திணிவிலும் வைத்தால் ஈர்ப்பு மாறிலி 4π², அதாவது 39.48 ஆகிவிடும். பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. இப்போதைய வேகத்தையும் ஆர்முடுகலையும் வைத்து அடுத்த படியை நேரே கணிக்கும் ஒய்லர் முறையில் காலப் படிநிலையை 0.001 ஆண்டு என்று வைத்து ஓட்டுங்கள். முதல் சுற்றிலேயே மொத்தச் சக்தியில் ஏறத்தாழ 7 சதவீதப் பிழை வரும், பூமி வெளிப்பக்கமாகச் சுருண்டு போகும். நிரலில் பிழையென்று நினைத்து இரவெல்லாம் தேட வேண்டாம், பிழை முறையில் இருக்கிறது. நிலையையும் வேகத்தையும் அரைப்படி தள்ளி மாறிமாறிக் கணிக்கும் லீப்ஃப்ரொக் முறைக்கு மாற்றுங்கள். படியொன்றுக்கு விசையை ஒருமுறைதான் கணிக்கிறோம், செலவு அதேதான். ஆனால் சக்திப் பிழை ஓர் எல்லைக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், பெருகிக்கொண்டே போகாது. பின்பு உடல்களை, அதாவது ஒன்றையொன்று ஈர்க்கும் பொருள்களை, கூட்டுங்கள். 1,000 உடலுக்கு 4,99,500 சோடி. 10,000 உடலுக்கு 5 கோடிக்குச் சற்றுக் குறைவு. பைதன் நிரல்மொழியின் இரட்டை வளையம் மூச்சு வாங்கும் அந்த இடத்தில்தான், 1986இல் வெளியான தூரத்துப் பொருள்களைக் கூட்டமாக்கி ஒன்றாகக் கணிக்கும் பார்ன்ஸ்-ஹட் மர முறை எதற்காக வந்தது என்பது விளங்கும். தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் மரம் ஏன் என்று கேட்டவர்களுக்கும் அதுவே பதில்.

அடுத்தது உண்மையான தரவு. நட்சத்திரங்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த கையா விண்கலத்தின் மூன்றாவது வெளியீடு 2022 ஜூனில் வந்தது. ஏறத்தாழ 180 கோடி வான்பொருள்கள் அதில் உள்ளன, எவரும் இலவசமாக எடுக்கலாம். லயத்து வீட்டில் டேட்டா கார்ட் போட்டுப் படிப்பவருக்கும் இது எட்டும். வடிகட்டுவது கையாவின் சேவையகம், நமக்கு வந்துசேர்வது சின்னக் கோப்பு. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வானத்தின் நெட்டாங்கு போன்ற வல ஏற்றம் 56.75 பாகை, அகலாங்கு போன்ற நடுவரை விலக்கம் +24.12 பாகை, ஆரை 2 பாகை, தூரத்தைக் காட்டும் இடமாறுதோற்றம் 6.5 முதல் 8.2 மில்லி ஆர்க்செக்கன் (பாகையின் 36 இலட்சத்தில் ஒரு பங்கு) வரை என்று தரவுத்தள மொழியான எஸ்கியூஎல் போன்ற வினாமொழியில் கேளுங்கள். வரும் பட்டியலில் வானில் இடம்பெயரும் வேகமான சொந்த இயக்கம் வல ஏற்றத் திசையில் ஆண்டுக்கு +20, விலக்கத் திசையில் −45 மில்லி ஆர்க்செக்கன் அளவில் குவிந்திருப்பவைதான் கூட்டத்தின் உறுப்பினர். மற்றவை வழிப்போக்கர்கள். நட்சத்திரத்தின் நிறத்தைச் சொல்லும் நிறச்சுட்டியைக் கிடையச்சிலும், உண்மையான பிரகாசத்தைச் சொல்லும் தனிப் பருமனை நிலையச்சிலும் போட்டு வரைந்தால் ஐதரசனை எரிக்கும் நட்சத்திரங்களின் முதன்மை வரிசை கோடாக எழும்பி நிற்கும். கூட்டத்தின் தூரம் ஏறத்தாழ 136 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு).

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். கையாவுக்குப் பைதனில் அனுப்பும் சாதாரண வினா 2,000 வரிசையோடு சத்தமில்லாமல் நின்றுவிடும். சரியாக 2,000 வந்தால் சந்தேகப்படுங்கள், பின்னணியில் ஓடும் ஒத்தியங்கா வினாவாக அனுப்புங்கள். நம்பை என்ற பைதன் கணித நூலகத்தில் லொக் என்றால் இயற்கை மடக்கை, பருமனுக்குப் பத்தின் அடி மடக்கைதான் வேண்டும். சைன் சார்பு ஆரையனைக் கேட்கும், பட்டியல் பாகையைத் தரும். வல ஏற்றம் சில பட்டியல்களில் மணித்தியாலத்தில் இருக்கும், அதை 15ஆல் பெருக்க வேண்டும். இடமாறுதோற்றம் மறையாக வந்தால் அது பிழையான வரிசை இல்லை, வெகுதூர நட்சத்திரத்தின் அளவீட்டுச் சிதறல். அதைத் தலைகீழாக்கித் தூரம் என்று எழுதிவிடாதீர்கள்.

தொலைகாட்டிப் படக் கோப்புகளுக்கு வந்தால், வானியலாளர் பயன்படுத்தும் ஃபிட்ஸ் வடிவம். கெமரா தரும் 16 பிட் குறியில்லா எண்ணிலிருந்து மூடியை மூடி எடுத்த இருட்படத்தை அப்படியே கழித்தால் 100 − 105 என்பது −5 ஆகாமல் 65,531 ஆகிவிடும். கறுத்த வானத்தில் திடீரென வெள்ளைப் புள்ளிகள் கொட்டிக் கிடந்தால் இதுதான் காரணம். கழிக்குமுன் 32 பிட் மிதவை (தசம) எண்ணாக மாற்றுங்கள். காலத்துக்கு மட்டும் அந்த 32 பிட் போதாது. வானியலாளர் நாள்களைத் தொடராக எண்ணும் ஜூலியன் நாள் 24 இலட்சத்தைத் தாண்டிவிட்டதால் அதில் மிகச் சிறிய இடைவெளியே கால் நாள், 6 மணித்தியாலம். மாறொளி நட்சத்திரத்தின் ஒளி வளைகோடு படிக்கட்டுப் போல வந்தால் அங்கே பாருங்கள். 64 பிட்டில் இடைவெளி ஏறத்தாழ 40 மைக்ரோசெக்கன். 2048க்கு 2048 படமொன்று 64 பிட்டில் 32 மெகாபைட் பிடிக்கும். ஐம்பதை ஒரேயடியாகத் திறந்து இடையம் எடுத்தால் 8 ஜீபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி முனகும். படத்தைக் கிடைப் பட்டைகளாக வெட்டி, பட்டை பட்டையாக எடுங்கள்.

தொலைகாட்டி வாங்கித்தான் ஆகவேண்டுமா என்றால், முதல் இரண்டு ஆண்டுக்கு வேண்டாம். 1996இல் ஜப்பான் அன்பளிப்பாகத் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி கட்டுபெத்தை ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்தில் இருக்கிறது. இறுதியாண்டு ஆய்வுக்கு விரிவுரையாளர் ஊடாகக் கேட்டுப் பார்க்கலாம். மலையகத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 7 பாகைதான் உயரம், எதிர் மலை மறைத்துவிடும். அதனால் வானம் சுழல்வதைப் பின்தொடரும் மத்தியகோட்டுத் தாங்கியை அதை வைத்து நேர்ப்படுத்த முடியாமல் போவது வழக்கம். கார்த்திகை விளக்கீட்டு இரவில் கார்த்திகைக் கூட்டத்தைப் படமெடுக்கலாம் என்றும் ஆசைப்படாதீர்கள்: பூரண நிலவு அதன் பக்கத்தில் நிற்பதால்தான் அந்த நாளே வருகிறது, போதாததற்கு நவம்பர் மழை வேறு. ஹற்றன், நுவரெலியாப் பக்கம் வானம் ஓரளவு திறப்பது பெப்ரவரி, மார்ச்சில். மார்ச் நடுப்பகுதியில் அதிகாலை 2 மணியளவில் தெற்கே 35 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற கோள நட்சத்திரக் கொத்து நிற்கும், அதற்குச் சாதாரண பைனாகுலரே போதும்.