உடைத்துப் பழகுங்கள்: வேலைக்கிடையில் சிசிஎன்ஏ படிப்பவர்களுக்கு

சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புச் சான்றிதழான சிசிஎன்ஏ தேர்வுக்குப் படிக்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "பழைய சுவிட்ச், ரூட்டர் ஏதாவது வாங்க வேண்டுமா?" வேண்டாம். சிஸ்கோ தன் நெட்வொர்க்கிங் அகாடமி வழியாக இலவசமாகத் தரும் பாக்கெட் டிரேசர் போதும்; வலையமைப்பைத் திரையிலேயே அமைத்துப் பார்க்கும் சிமுலேட்டர் அது. கணக்கு ஒன்று தொடங்கி இறக்கிக்கொள்ளலாம். சுமாரான மடிக்கணினியிலும் ஓடும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

பலரும் ஒரு காணொளியைப் பார்த்து, அதில் வரும் கட்டளைகளை அப்படியே தட்டுகிறார்கள். இணைப்புகள் பச்சையாகின்றன, பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, மடிக்கணினியை மூடிவிடுகிறார்கள். மறுநாள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்கு மட்டும் சர்வர் கிடைக்கவில்லை என்று அழைப்பு வந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். அவர்கள் பழகியதெல்லாம் நன்றாக இருக்கும் வலையமைப்போடு. நம்மை யாராவது கூப்பிடுவதோ, ஏதாவது கெட்ட பிறகு.

நான் கணினிப் பராமரிப்பு வேலையில் இருந்தபடியே இந்தத் தேர்வை எழுதியவன். பகலில் பிரிண்டரும் கேபிளும், இரவில் படிப்பும். அந்த நாட்களில் உண்மையாகவே பயன்பட்டவை சிமுலேட்டர், ஒரு சின்ன விளையாட்டு, ஒரு வாட்ஸ்அப் குழு. மூன்றையும் எப்படிப் பயன்படுத்தினோம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் சிமுலேட்டர். அலுவலகத்தில் செய்தால் வேலை போய்விடும் காரியங்களை அதில் செய்யுங்கள். மூன்று சுவிட்சுகளை முக்கோணமாக இணைத்து, மூன்றிலும் ஸ்பானிங் ட்ரீயை (தகவல் வட்டமடிக்காமல் தடுக்கும் ஏற்பாடு) அணைத்துவிட்டு, ஒரு கணினியிலிருந்து பிங் கொடுங்கள். சிமுலேஷன் பயன்முறையில் பார்த்தால் ஒரே ஒரு ஏஆர்பி கேள்வி ('இந்த ஐபி முகவரி யாருடையது?' என்று எல்லோரையும் கேட்பது) இரண்டாகி, சுற்றிச் சுற்றி வந்து திரை முழுக்க உறைப் படங்களாக (ஒவ்வொன்றும் ஒரு தகவல் பொட்டலம்) நிறைவது தெரியும். ஐபி பாக்கெட்டில் ஆயுள் எண்ணிக்கை உண்டு, ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறைந்து, தீர்ந்ததும் செத்துவிடும். சுவிட்சுகள் கடத்தும் ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் இல்லை. யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை ஓயாது. இதைக் கண்ணால் பார்த்தவருக்கு, மேசைக்கு அடியில் ஒரு கேபிளின் இரு முனைகளையும் சுவரில் உள்ள இரண்டு சாக்கெட்டுகளில் யாரோ செருகியதால் ஒரு தளமே முடங்குவது எப்படி என்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, எந்தப் பயிற்சியிலும் என்ட்டர் தட்டுவதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். உறை எந்தப் பக்கம் போகும், எங்கே நிற்கும், ஏன். பிறகு ஓட்டிப் பாருங்கள். எழுதியதும் நடந்ததும் வேறுபட்டால் அன்றைய பாடம் அங்கேதான் இருக்கிறது. எழுதாமல் பார்த்தால் எது நடந்தாலும் "எனக்குத் தெரிந்ததுதான்" என்று மனம் சொல்லிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. வலையமைப்பு 192.168.10.0, மாஸ்க் (எதுவரை தன் வலையமைப்பு என்று சொல்லும் அளவு) /24. கேட்வே (வெளியே போகும் வழியான ரூட்டர்) .1, சர்வர் .150. ஒரு கணினிக்கு .20 என்று முகவரி கொடுத்து, மாஸ்க்கை மட்டும் /25 என்று தவறாக வையுங்கள். சர்வருக்கு பிங் போகுமா? போகாது என்பார்கள் பாதிப்பேர். போகும். /25 என்றால் கணினியின் கண்ணில் தன் வலையமைப்பு .127-ஓடு முடிகிறது; .150 வெளியூர். எனவே பாக்கெட்டை கேட்வேக்கு அனுப்பும். ரூட்டர் அதை வாங்கி, வந்த வழியிலேயே திருப்பி சர்வருக்குத் தள்ளும். சர்வரின் மாஸ்க் சரியாக இருப்பதால் பதில் நேராகக் கணினிக்கு வரும். பயனாளர் புகார் சொல்ல மாட்டார். என்றாவது கேட்வே செயலிழக்கும்போது, பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோருக்கும் சர்வர் கிடைக்க, இவருக்கு மட்டும் கிடைக்காது. நேர்முகத்தில் இந்த ஒன்றைத் தெளிவாக விளக்கினால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சிமுலேட்டர் கெடுக்கும் பழக்கமும் ஒன்று உண்டு. பாக்கெட் டிரேசரின் கீழ்ப்பகுதியில் நேரத்தை வேகமாகத் தள்ளும் பொத்தான் இருக்கிறது. சுவிட்ச் இணைப்பு ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாவதற்குப் பொறுமை இல்லாதவர்கள் எல்லோரும் அதை அழுத்துவார்கள். அந்த ஆரஞ்சு நிறம்தான் பாடம். பழைய ஸ்பானிங் ட்ரீயில் ஒரு போர்ட் கவனிக்கும் நிலையில் 15 விநாடி, கற்கும் நிலையில் 15 விநாடி இருந்த பிறகே ஃபிரேம்களை அனுப்பத் தொடங்கும். காலையில் கணினியைப் போட்டவுடன் அது டிஹெச்சிபி (தானாக முகவரி தரும் சேவை) வழியாக முகவரி கேட்கும்; அந்த 30 விநாடிக்குள் பதில் வராததால் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் எதற்காக வந்தது என்பது அப்போது விளங்கும். பொத்தானை அழுத்தியே பழகியவருக்கு போர்ட்ஃபாஸ்ட் என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு கட்டளை, அவ்வளவுதான்.

தவறு செய்து பழகப் பாதுகாப்பான இடம் வேண்டும் என்பதை விமானிகள் நமக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். எட்வின் லிங்க் 1929-இல் உருவாக்கிய விமானப் பயிற்சிப் பெட்டியை முதலில் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் அதிகம் வாங்கின. 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகும் பணியில் இறங்கி, மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கத் தெரியாமல் அடுத்தடுத்து உயிரிழந்த பிறகே ராணுவம் அந்தப் பெட்டியை வாங்கியது. மூடிய பெட்டிக்குள் வெளியே எதுவும் தெரியாது. கருவிகளை மட்டும் பார்க்க வேண்டும். தவறினால் பயிற்சியாளரின் திட்டோடு முடிந்துவிடும்.

இனி குழு. வேலை செய்யும் இடத்தில் ஆறேழு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். முதலில் எல்லாக் குழுக்களையும்போலக் காலை வணக்கமும் காணொளி இணைப்புகளுமாக ஓடியது. எங்கள் மூத்த பொறியாளர் ஒருவர், நாங்கள் அண்ணா என்று கூப்பிடுகிறவர், அதை மாற்றினார். "தம்பி, இணைப்பு அனுப்புகிறவன் படிப்பதில்லை. கெட்டுப்போன வலையமைப்பை அனுப்பு" என்றார். வாரம் ஒருவர் நன்றாக ஓடும் பாக்கெட் டிரேசர் கோப்பு ஒன்றை எடுத்து, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல மூன்று கோளாறுகளை வைத்துக் குழுவில் போட வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

விதிகள்தான் இந்த ஆட்டத்தின் உயிர். கருவியின் முழு அமைப்பையும் காட்டும் ஷோ ரன் கட்டளைக்குத் தடை. முழு அமைப்பையும் வரிவரியாகப் படித்துத் தவற்றைத் தேடுவது வீட்டுப்பாடத் திருத்தம், உண்மையான இடத்தில் முந்நூறு வரி இருக்கும், பின்னால் நான்கு பேர் நின்று "ஆயிற்றா?" என்று கேட்பார்கள். பிங், ஷோ விலான் பிரீஃப், ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க், ஷோ ஐபி ரூட் போன்றவற்றால் மட்டுமே நெருங்க வேண்டும். விடையைக் குரல்பதிவாக அனுப்ப வேண்டும்: என்ன பார்த்தேன், எதைச் சந்தேகித்தேன், அந்தச் சந்தேகம் எதனால் தீர்ந்தது அல்லது உறுதியானது. வெற்றி, முதலில் முடித்தவருக்கு இல்லை. குறைந்த கட்டளைகளில் போய்ச் சேர்ந்தவருக்கு. அவரே அடுத்த வாரக் கோளாறுகளை வைப்பார்.

கோளாறு வைப்பதுதான் தேடுவதைவிட அதிகம் கற்றுத்தரும். டிரங்க்கில் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு; விலான் என்பது சுவிட்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பு) ஏற்கெனவே 10, 20 விலான்கள் போய்க்கொண்டிருக்க, 30-ஐச் சேர்ப்பதாக நினைத்து 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலான் 30' என்று மட்டும் தட்டினால், பழைய இரண்டும் பட்டியலிலிருந்து போய்விடும். நடுவில் 'ஆட்' (add) என்ற ஒரு சொல் வேண்டும். இந்தக் கோளாறு எங்கள் குழுவில் திரும்பத் திரும்ப வந்தது. அதனால்தான் பிறகு அலுவலகத்தில் டிரங்க்கைத் தொடும்போது கை தானாக நின்று யோசித்தது. இரு ரூட்டர்களின் ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் வழிகளைப் பகிரும் முறை) ஹலோ நேரத்தை வெவ்வேறாக மாற்றிவைப்பது, அணுகல் பட்டியலில் (யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்ற வரிசை) பொதுவான தடையை மேலேயும் குறிப்பிட்ட அனுமதியைக் கீழேயும் வைப்பது ஆகியவையும் நல்ல ஊசிகள்.

புள்ளிப் பட்டியல் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு நிறுவனத்தில் பணியாளர் பயிற்சிக்கு யார் எத்தனை பாடம் முடித்தார், எத்தனை பதக்கம் பெற்றார் என்று பலகை வைத்தார்கள். பதக்கங்கள் மளமளவென்று ஏறின. மதிய உணவு நேரத்தில் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் 'அடுத்து' பொத்தானை அழுத்துவார்கள். பெயர் கடைசியில் இருந்த அனுபவசாலிகள் கேள்வி கேட்பதையே நிறுத்திக்கொண்டார்கள். சந்தேகம் கேட்டால் கௌரவம் குறையும் என்ற நிலை வந்துவிட்டால் அங்கே என்ன கற்றல்?

வேகம் தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று, சப்நெட்டிங், அதாவது வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கு. அதற்கு சிஸ்கோவின் பைனரி விளையாட்டு நல்லது. எட்டு பிட்களை மாற்றி எண்ணைக் கொண்டுவர வேண்டும். தாமதித்தால் வரிகள் சேர்ந்து நிரம்பிவிடும். பஸ்ஸில் போகும்போது ஆடலாம். 128, 64, 32, 16 கைக்கு வந்த பிறகு விளையாட்டை விட்டுவிட்டு மனக்கணக்குக்கு வாருங்கள். 172.16.45.77, /27 என்றால் கட்டம் 32. 77 விழுவது 64-க்கும் 95-க்கும் நடுவில். 64 வலையமைப்பு முகவரி, 95 பிராட்காஸ்ட் (எல்லோருக்குமான முகவரி), நடுவில் 30 பயன்படும் முகவரிகள். காகிதம் இல்லாமல் அரை நிமிடத்துக்குள் வர வேண்டும்.

சமூக ஊடகத்தில் இரண்டு குழிகள். டெலிகிராமில் 'உண்மையான கேள்விகள்' என்று விற்கும் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. தேர்வெழுதும் ஒவ்வொருவரும் ரகசிய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டே அமர்கிறார்கள்; இதில் சிக்கினால் சான்றிதழ் பறிபோகும். அதைவிட, அவற்றில் பல விடைகள் தவறு. இரண்டாவது, உதவி கேட்டு அலுவலக ரூட்டரின் அமைப்பைப் படமெடுத்துக் குழுவில் போடுவது. அதில் வகை 7 என்று காட்டும் கடவுச்சொல் புரியாத எழுத்துகளாகத் தெரிவதால் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். அது வெறும் திரை. நொடியில் திருப்பி எடுத்துவிடலாம். கோளாறைச் சிமுலேட்டரில் மறுபடி உருவாக்கி அந்தக் கோப்பை அனுப்புங்கள். பாதி நேரம், உருவாக்கும்போதே விடை கிடைத்துவிடும்.

பாக்கெட் டிரேசரில் எல்லாக் கட்டளைகளும் கிடையாது. சிஸ்கோவின் உண்மையான இயங்குதளம் அதில் ஓடுவதில்லை. பாதியில் முறிந்த கேபிள், தூசியடைந்த ஃபைபர் முனை, கண்ணில் படாமல் சூடேறும் சுவிட்ச் எல்லாம் வேலையிடத்தில்தான். தேர்வின் தானியக்கப் பகுதிக்கும் (கருவிகளை நிரல் வழியாக நிர்வகிப்பது) அது பெரிதாக உதவாது. ஜேசான் (நிரல்கள் தகவல் பரிமாறும் எழுத்து வடிவம்) கோப்புகளை வாசித்துப் பழகுவதற்கு வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வைப் பற்றி: 200-301 என்ற எண்ணில் 2020 பிப்ரவரி முதல் நடக்கிறது, 120 நிமிடம். பாடப்பகுதிகளில் ஐபி இணைப்புக்கு 25 சதவீதம், அடிப்படைக்கும் வலையமைப்பு அணுகலுக்கும் தலா 20, பாதுகாப்புக்கு 15, ஐபி சேவைகளுக்கும் தானியக்கத்துக்கும் தலா 10. கட்டளைகளைத் தட்டிச் செய்துகாட்ட வேண்டிய கேள்விகளும் உண்டு. குழு ஆட்டம் கைகொடுப்பது அங்கேதான். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது என்பதால், வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதும் திரும்பிப் பார்க்காமல் எழுதுங்கள். கட்டணம் 300 டாலர், வரி தனி. தேறாவிட்டால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம், ஆனால் கட்டணத்தை முழுதாக மறுபடியும் கட்ட வேண்டும். குழுவில் மற்றவர் வைத்த கோளாறுகளை ஷோ ரன் இல்லாமல் தொடர்ந்து கண்டுபிடிக்க முடிகிற நிலை வந்த பிறகு பணம் கட்டுங்கள்.