ரெம் போட்டு எழுதுங்கள், தம்பிமாரே

கிளிநொச்சியில் எங்கள் கந்தோரில் கணினி எழும்பியதும் தானாக ஓடுகிற பாட்ச் கோப்பு, அதாவது விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு, ஒன்று இருக்கிறது. தரவுகளை நெட்வொர்க் வட்டுக்குப் படியெடுப்பதுதான் அதன் வேலை. எழுதியவர் இடமாற்றத்தில் போய்விட்டார். வன்னியில் இது வழக்கம்தானே, யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 பாதையால் பஸ்ஸில் வந்து போகிறவர்கள் சொந்த இடம் கிடைத்ததும் போய்விடுவார்கள், கோப்பு மட்டும் இங்கேயே கிடக்கும்.

அதில் குறிப்பு என்று ஒரு வரியும் இல்லை. ரெம் என்று தொடங்கும் வரியைக் கணினி ஓட்டாது, அது வாசிக்கிற ஆளுக்கான குறிப்பு. நடுவில் 127.0.0.1 என்ற முகவரிக்கு, அதாவது கணினி தனக்கே, 31 தடவை பிங், அதாவது "இருக்கிறாயா" என்று கேட்கும் செய்தி, அனுப்புகிறது. புதிதாக வந்த பெடியன் "இது சும்மா கிடக்குது அண்ணை" என்று அழிக்கப் போனான். பொறு தம்பி என்றேன். இரண்டு பிங்குக்கு இடையில் ஒரு செக்கன், ஆக 30 செக்கன் காத்திருப்பு. காத்திருக்கவென்றே டைம்அவுட் கட்டளை இருக்கிறதே என்றால், ஆள் லொகின் செய்யாமல் பின்னணியில் ஓடும்போது அது காத்திருக்காமல் பிழை காட்டி நின்றுவிடுவதுண்டு. ஏன் 30 செக்கன்? கரண்ட் போய் வந்தால் கணினி முதலில் எழும்பிவிடும், வட்டு ஆறுதலாகத்தான் எழும்பும்.

இந்தக் கடைசி வரியைத்தான் ரெம் போட்டு எழுதியிருக்க வேண்டும். "30 செக்கன் காத்திரு" என்று எழுதிப் பிரயோசனமில்லை, அது கட்டளையிலேயே தெரிகிறது. அடுத்ததாக, படியெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பிக்குக் கீழே, அது முடியும்போது தரும் பிழை எண் 8 அல்லது அதற்கு மேலா என்று பார்க்கும் வரி. வேறு கட்டளைகளில் 0 தவிர எல்லாம் பிழை என்று பழகியவனுக்கு இது விளங்காது. ரோபோகாப்பியில் 1 என்றால் கோப்புகள் ஒழுங்காகப் படியெடுபட்டன என்று அர்த்தம், 8இலிருந்துதான் தோல்வி. இதற்கும் ஒரு வரி வேண்டும்.

சிலர் ரெமுக்குப் பதில் :: போடுவார்கள். பார்க்க வடிவுதான், ஆனால் அது உண்மையில் ஒரு லேபிள், அதாவது ஓட்டம் தாவி வருவதற்கு வைக்கும் இடப்பெயர். இஃப், ஃபோர் கட்டளைகளின் அடைப்புக்குறிக்குள் வந்தால் சில இடத்தில் கோப்பே குழம்பிவிடும். எனக்கு எங்கேயும் ரெம்தான். கட்டளையின் அதே வரியில் எழுதுவதென்றால் & போட்டு ரெம். ஒரு வில்லங்கம், குறிப்புக்குள்ளும் % அடையாளத்தை விண்டோஸ் வாசிக்கும், %~ என்று எழுதிவிட்டால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும்.

தமிழில் எழுதலாமா என்றால், தாராளமாக. பழைய நோட்பேடில் ஆன்சி என்ற பழைய எழுத்து முறையில் சேமித்தால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும், யுடிஎஃப்-8 என்று சேமியுங்கள், ஆனால் பொம், அதாவது கோப்பின் தொடக்கத்தில் சேரும் கண்ணுக்குத் தெரியாத அடையாளம், இல்லாமல். பொம் இருந்தால் முதல் வரியில் உள்ள, கட்டளைகளைத் திரையில் காட்டாதே என்னும் எக்கோ ஆஃப் வேலை செய்யாது, நீங்கள் எழுதிய ரெம் எல்லாம் திரையில் வரிசையாக ஓடும்.