எந்தப் பட்டனை அழுத்தச் சொல்கிறீர்கள்?

“ஐகானை க்ளிக் செய்து, தேவையானதைத் தேர்ந்தெடுத்து, ஓகே கொடுக்கவும்.” எந்த ஐகான்? திரையில் ஓகே என்று ஒன்று இருக்கிறதா? பயனர் கையேட்டில் இப்படி ஒரு வரி இருந்தால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

பட்டனில் ‘மாற்றங்களைச் சேமி’ என்றிருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். ‘சேமி’ என்று சுருக்கினால், பக்கத்திலேயே இருக்கும் ‘வரைவாகச் சேமி’யைச் சிலர் அழுத்திவிடுவார்கள். தளம் ஆங்கிலத்தில் இருந்தால் பெயரை மொழிபெயர்க்கவும் வேண்டாம். வாசகர் தேடுவது திரையில் தெரியும் சொல்லைத்தான்.

ஆங்கில எழுத்து நடைக் கையேடுகள் பல, பெயரை மட்டும் சொன்னால் போதும், ‘பட்டன்’ என்ற சொல் வேண்டாம் என்கின்றன. தமிழில் அதைப் பின்பற்றாதீர்கள். நம் பட்டன் பெயர்கள் பெரும்பாலும் ஏவல் வினைகள்: நீக்கு, அனுப்பு, சேமி. ‘நீக்கு’வை, ‘அனுப்பு’வில் என்று வேற்றுமை உருபை ஒட்டினால் பெயரே உருமாறுகிறது. ‘நீக்கு’ பட்டனை என்று எழுதினால் உருபைப் பட்டன் தாங்கிக்கொள்ளும், பெயர் சிதையாது. மேற்கோள் குறியோ தடித்த எழுத்தோ கட்டாயம். இல்லையென்றால் ‘நீக்கு’ என்பது நீங்கள் இடும் கட்டளையா, பட்டனின் பெயரா என்று குழப்பம்தான்.

செக்பாக்ஸுக்கு ‘க்ளிக் செய்யவும்’ என்பது ஆபத்தான வினை. ஏற்கெனவே டிக் இருந்தால் அந்த க்ளிக்கில் டிக் போய்விடும். “டிக் இருக்க வேண்டும்” என்று முடிவு நிலையைச் சொல்லுங்கள். ஆன்–ஆஃப் சுவிட்சுக்கும் இதே கதைதான்.

அழுத்தினால் பட்டியலாக விரியும் டிராப்டவுனை, அதில் அப்போது தெரியும் மதிப்பைக் கொண்டு அழைக்காதீர்கள். வேறொன்றைத் தேர்ந்ததும் அது மாறிவிடும். கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பும் தட்டச்சு செய்ததும் மறையும். இரண்டுக்கும் வெளியே உள்ள தலைப்பே பெயர். ‘டேப்’ என்று மொட்டையாக எழுதினால் பிரவுசர் டேப்பா, பக்கத்துக்குள் இருக்கும் டேப்பா, விசைப்பலகையின் டேப் விசையா என்று மூன்று அர்த்தம் வரும்.

“இடப்பக்க மெனு” என்பது கைபேசியில் பெரும்பாலும் மூன்று கோடு ஐகானுக்குள் மடங்கிவிடும். இடத்தைச் சொல்லலாம்; அதை மட்டுமே நம்பக் கூடாது. மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வகுத்த டபிள்யூ.சி.ஏ.ஜி. (WCAG) அணுகல் விதிகளின் 1.3.3ஆம் பிரிவும் வடிவம், நிறம், இடம் போன்றவற்றை மட்டும் நம்பி வழிகாட்டாதே என்கிறது. “பச்சைப் பட்டனை அழுத்தவும்” என்பது, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர் மென்பொருளில் கேட்பவருக்கு எந்த உதவியும் செய்யாது.

எழுத்தில்லாத ஐகான்களுக்கும் பெரும்பாலும் பெயர் உண்டு. மவுஸை மேலே வைத்துப் பாருங்கள். எதுவும் வராவிட்டால் பக்கத்தின் நிரலைக் காட்டும் பிரவுசரின் இன்ஸ்பெக்ட் வசதியில், ஐகானுக்கு நிரலில் கொடுத்திருக்கும் பெயரான ஏரியா-லேபிள் (aria-label) என்ன என்று பாருங்கள். ஸ்க்ரீன் ரீடர் வாசிப்பது அதைத்தான். பிறகு இப்படி எழுதலாம்: “பக்கத்தின் மேலே, வலது ஓரத்தில் பல்சக்கரம் போன்ற ‘அமைப்புகள்’ ஐகானை அழுத்தவும். ‘கணக்கு’ என்ற தலைப்புடன் புதிய பக்கம் திறக்கும்.” இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தவறான இடத்தை அழுத்தியவருக்கு அது அங்கேயே தெரிந்துவிடும்.