சிந்தினால் முதலில் வெளியே போங்கள்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் வைக்கும் முதல் பயிற்சியில் கிருமியே கிடையாது. ஃபிளாஸ்க்கில் சிவப்புச் சாயத் தண்ணீர். அதைத் தரையில் கொட்டிவிட்டு, "இது காற்றில் பரவுற கிருமின்னு வச்சுக்கோங்க. இப்ப என்ன செய்வீங்க?" என்பேன். பெரும்பாலும் கை டிஷ்யூவைத்தான் தேடும். சிந்தினால் உடனே துடைக்கணும் என்று சின்ன வயதிலேயே பழகிய கை அது. அதை அடக்கத்தான் இத்தனை பாடும்.

விழுந்த வேகத்தில் கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் கலந்திருக்கும். குனிந்தால் நேராக மூக்குக்குள் போகும். அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குரல் கொடுத்து, எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்தி, எச்சரிக்கை அட்டையை மாட்ட வேண்டும். குறைந்தது 30 நிமிடம் யாரும் உள்ளே போகக் கூடாது. சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரியும். குழாய்களை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜுக்குள் குழாய் உடைந்தாலும் அப்படித்தான்: நிறுத்துங்கள், மூடியைத் திறக்காதீர்கள். காற்றை உறிஞ்சி வடிகட்டும் பயோசேஃப்டி கேபினட்டுக்குள் சிந்தினால் மட்டும் அதன் விசிறி ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

இதனால்தான் ஸ்பில் கிட் பெட்டி, அதாவது சிந்தியதைச் சுத்தம் செய்யும் சாமான்கள் உள்ள பெட்டி, அறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று சண்டை போடுகிறேன். உள் மூலையில் அழகாக அடுக்கி வைத்து யாருக்கு லாபம்?

பெட்டிக்குள் நான் முதலில் பார்ப்பது பிளீச் பாட்டிலின் தேதியை. பழைய பிளீச் வீரியம் இழந்திருக்கும். நீர்த்த கரைசலை அன்றன்றைக்குத்தான் கலக்கணும். 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு. சிந்திய இடத்தை டிஷ்யூவால் மூடி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் மறுபடியும் துளி பறக்கும். சிந்தியது ரத்தமென்றால் அது பிளீச்சில் இருக்கும் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் அங்கே கஞ்சத்தனம் கூடாது. இன்னொரு 20, 30 நிமிடம் ஊறட்டும். உடைந்த கண்ணாடியை இடுக்கியால் மட்டுமே எடுக்கணும், இரட்டைக் கையுறை போட்டிருந்தாலும் சரி. பிளீச்சில் ஊறியதை, நீராவிச் சூட்டில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள். சூட்டில் நச்சு வாயு கிளம்பும்.