கடலூர் மணற்கல்லுக்குள் ஒரு பழங்காடு

புவியியல் நூல்களில் எங்கள் ஊரின் பெயர் ஒரு பாறைக்குச் சூட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கடலூரில் பிறந்து வளர்ந்த பலரும் அறிந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டை ஆராய்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற பிரித்தானியப் புவியியலாளர், கேப்பர் மலை போன்ற மேட்டு நிலங்களில் கண்ட செம்மஞ்சள் பாறைகளைக் 'கடலூர் மணற்கல்' என்று வகைப்படுத்தினார். புதுச்சேரிக் கோரிமேட்டிலும், பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் செழிக்கிற செம்மண்ணுக்கு அடியிலும், நெய்வேலி, விருத்தாசலம் வழியாக ஜெயங்கொண்டம் வரையிலும் இருப்பது இதே பாறைத் தொகுதிதான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து குவித்த மணலும் களிமண்ணும் கூழாங்கல்லும் இறுகி உருவானது அது.

அந்த ஆறுகள் மணலோடு மரங்களையும் அடித்துக்கொண்டு வந்தன. அவை என்னவாயின என்பதைக் காண விரும்புகிறவர்கள், புதுச்சேரியிலிருந்து மயிலம் செல்லும் வழியில் பிரிந்து, சங்கராபரணி ஆற்றங்கரையிலுள்ள திருவக்கரைக்குப் போக வேண்டும். சம்பந்தர் பாடிய சந்திரமௌலீசுவரர் கோயிலுக்கும் வக்கிரகாளி சன்னதிக்கும் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் வருகிறது. ஆனால் கோயிலுக்கு அருகிலேயே இருக்கும் கல்மரப் பூங்காவுக்குள் அக்கூட்டத்தில் மிகச் சிலரே நுழைகிறார்கள். இது எனக்கு நெடுநாளைய மனக்குறை. அங்கே சுமார் 200 மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சில 3 மீட்டர், சில 15 மீட்டர் நீளம். அவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை குறிப்பிடுகிறது. 1781ஆம் ஆண்டிலேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இவற்றைப் பதிவு செய்துவிட்டார். திருமாலால் வதம் செய்யப்பட்ட வக்கிராசுரனின் எலும்புகளே இவை என்று அவ்வூரில் சொல்வதுண்டு. இவ்வளவு பெரிய, மரத்தைப் போன்ற, ஆனால் மரமல்லாத பொருள்களைக் கண்ட மனிதர்கள் அதற்கு ஒரு விளக்கம் தேடினார்கள் என்றே நான் அக்கதையைப் புரிந்துகொள்கிறேன்.

மரம் கல்லாவது மந்திரமன்று. வெள்ளத்தில் வந்த மரம் மணலுக்கடியில் விரைந்து புதைந்தால், காற்றும் பூஞ்சையும் அதை எட்டுவதில்லை. ஆகவே அது மக்குவது மிகவும் தாமதப்படுகிறது. மணலிலுள்ள கனிமங்கள் சிதையும்போது வெளிப்படும் சிலிக்கா நிலத்தடி நீரில் கரைந்து, மரத்தின் நுண்ணிய குழாய்களுக்குள் புகுந்து, செல் சுவர்களின் மேல் படிந்து, மெல்ல மெல்ல அந்த இடத்தை நிரப்புகிறது. மரப்பொருள் பெரும்பாலும் கரைந்து நீங்கிய பிறகும் அதன் அமைப்பு கல்லில் அப்படியே நிற்கிறது. அதனால்தான் ஒரு கல்மரத்தை மெல்லிய வில்லையாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், எந்தக் குடும்பத்து மரம் என்பதைத் தாவரவியலாளரால் சொல்ல முடிகிறது. அந்தச் சிலிக்கா, பேனாக்கத்தியால் கீற முடியாத அளவுக்குக் கடினமானது.

அவ்வாறு ஆராய்ந்ததில் கிடைத்த செய்திகளுள் ஒன்று என்னை இன்றும் வியக்க வைக்கிறது. இப்பகுதியின் கல்மரங்களில் டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள் இருக்கின்றன. அக்குடும்பத்தின் வானளாவிய மரங்களை இன்று பார்க்க வேண்டுமானால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்கோ, மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளுக்கோ செல்ல வேண்டும். ஆண்டில் பல மாதங்கள் வெயிலில் காய்கிற நம் வட்டாரத்துக்கு, ஒரு காலத்தில் நல்ல ஈரமான காட்டிலிருந்து ஆறுகள் பாய்ந்திருக்கின்றன. திருவக்கரை மரங்களுக்குக் கிளையோ வேரோ பட்டையோ இல்லாமையும், எல்லாம் படுத்த நிலையிலேயே கிடப்பதும், அவை நின்ற இடத்தில் கல்லானவையல்ல, தொலைவிலிருந்து உருண்டு வந்தவை என்பதற்குச் சான்று.

இனி நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது நீருடன் கறுப்புப் பொருள் வெளிவந்தது. அதிலிருந்து தொடங்கிய தேடலின் முடிவில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. அந்தக் கரியும் மரம்தான். வேறுபாடு, புதைந்த இடத்தில் இருக்கிறது. ஓடும் ஆற்று மணலில் சிலிக்கா கலந்த நீர் ஊடுருவிய மரம் கல்லானது. கடலோரச் சதுப்பில், தேங்கிய நீரில், காற்றுப் புகாமல் அடுக்கடுக்காய்ப் படிந்த தாவரம் தன் கார்பனை இழக்காமல், மேலே சேர்ந்த மண்ணின் பாரத்தால் அழுந்திப் பழுப்பு நிலக்கரியானது. அது முதிர்ந்த கறுப்பு நிலக்கரியின் நிலையை எட்டவில்லை. எடையில் ஏறத்தாழ பாதி இன்னும் நீர்தான். அந்தப் படிவத்தின் வயது குறித்து ஆய்வாளர்கள் ஒத்த கருத்துக்கு வரவில்லை என்றாலும், ஒரே வட்டாரத்தின் தாவரங்கள் ஓரிடத்தில் கல்லாகவும் இன்னோரிடத்தில் எரிபொருளாகவும் மாறியிருப்பதை நாம் பேருந்தில் ஒரே நாளில் இரண்டு ஊர்களிலும் இறங்கிப் பார்த்துவிட முடியும். இப்படிப்பட்ட வாய்ப்பு உலகில் எத்தனை ஊர்க்காரர்களுக்கு உண்டு?

கரியை எடுக்க வேண்டுமானால் முதலில் 50 முதல் 100 மீட்டர் வரை மேல்மண்ணையும் மணற்கல்லையும் அகற்ற வேண்டும். அதைவிடப் பெரிய தடை கீழே இருந்தது. கரிப்படிவத்துக்கு அடியிலுள்ள மணல் அடுக்குகளில் அடைபட்டிருக்கும் நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான அழுத்தத்துடன் மேல்நோக்கி உந்துகிறது. அதை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையே வெடித்து வெள்ளம் புகுந்துவிடும்.

அந்த அழுத்தத்துக்குக் காரணம் பாறையின் சரிவு. மேற்கே மணற்கல் தரைமட்டத்தில் வெளிப்படும் இடங்களில் மழைநீர் அதனுள் இறங்குகிறது. அடுக்குகள் கடலை நோக்கிச் சரிந்து செல்ல, மேலே களிமண் மூடியிருப்பதால் நீர் வெளியேற வழியின்றி அழுந்துகிறது. ஆழ்குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வழிந்த காலத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இப்போது ஒவ்வொரு வயலிலும் நீர்மூழ்கி மோட்டார் ஓடுகிறது.

இந்த நீரின் வயதையும் கார்பன்-14 முறையில் அளந்திருக்கிறார்கள். மழை இறங்கும் மேற்குப் பகுதியில் அண்மைக்கால நீரும், கடற்கரையை நெருங்க நெருங்கப் பல்லாயிரம் ஆண்டுகள் பழைய நீரும் இருப்பது தெரியவந்தது. நாங்கள் இன்று இறைக்கும் நீரின் ஒரு பகுதி, சங்ககாலத்துக்கும் வெகு முன்னால் பெய்த மழை. மேற்கேயுள்ள முந்திரித் தோப்புகளையும் ஏரிகளையும் மனைகளாக்குவதற்கு முன், மணற்கல் எங்கெல்லாம் வெளிப்படுகிறது என்ற வரைபடத்தை ஊராட்சிகள் கையில் வைத்துக்கொண்டு அனுமதி கொடுக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.